ஆறுமுகத்தாய் வீட்டுக் கல்யாணப் படம்

ஆறுமுகத்தாய் அக்காவிடம் அடி வாங்காத குடிகாரன் எங்கள் சந்தில் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். தாராவிக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாடியில் நான் அவளுக்குப் பக்கத்து அறை. நடுவில் ஒரு தகரம்தான். அவள் வீட்டில் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்மல் போடுவோம். அவளைப் பற்றி இந்தப் பானுமதி சொல்லாமல் வேறு எவள் சொல்வாள்?

ஆள் குள்ளம். மன்சூர் அலி பாயின் பட்டறையில் தோல் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிற வேலை. தோலில் ஊசியைக் குத்தி இழுத்து இழுத்து விரலெல்லாம் காய்த்துக் கிடக்கும். அந்தக் கையால் ஒன்று வைத்தால், வாங்கியவன் அன்றைக்கு ரொட்டி மெல்ல முடியாது. ஒருநாள் பொதுக் குழாயடியில் ஒரு தடியன் மாசமாக இருந்த பெண்டாட்டியை இடுப்பில் மிதித்தான். நாங்களெல்லாம் ஐயோ ஐயோ என்று கத்திக்கொண்டு நின்றோம். அக்கா கத்தவில்லை. கையிலிருந்த தண்ணீர் வாளியை அப்படியே அவன் முகத்தில் இறக்கினாள். வாயெல்லாம் ரத்தம். போலீசுக்குப் போவேன் என்றான்.

"போலே, சவத்து மூதி! நானும் கூட வாரேன். நீ எங்கன மிதிச்சேன்னு காட்டு, நான் எங்கன அடிச்சேன்னு காட்டுதேன்."

அவன் போகவில்லை. எப்படிப் போவான்?

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு, யாரும் சம்பளம் கொடுக்காத வேலை. சந்தில் பொம்பளைச் சாவு விழுந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டுவது, வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டுக் கட்டுவது, கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவது, நெற்றியில் காசு வைப்பது எல்லாம் அவள்தான். புருஷன் இருக்கும்போது செத்த சுமங்கலி என்றால் இன்னும் வேலை அதிகம். பட்டுச் சேலை, கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, மஞ்சள், குங்குமம், மாலை. மணவறைக்குக் கூட்டிப்போகிற பெண்ணை ஜோடிப்பது போல ஜோடித்துவிட்டு, கடைசியில் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டு எழுந்திருப்பாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டாள். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு மடமடவென்று குடிப்பாள்.

ஊரையே அடிக்கிற இந்தப் பொம்பளை சொந்த வீட்டுக்குள் நுழைந்தால் பூனை. எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காரணம் அவளோடேயே இருந்த அவள் அப்பா கணேசபாண்டியன். தோல் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர். எண்பதைத் தாண்டியும் பித்தளைப் பூண் போட்ட கைத்தடியோடு வாசல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்றால் சந்து மொத்தமும் அவரிடம்தான் பஞ்சாயத்துக்குப் போகும். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: பொம்பளை திரும்பிப் போகவேண்டும்.

சொந்த மகளுக்கும் அதே தீர்ப்புதான். அக்காவின் புருஷன் பிரம்மநாயகம் குடித்துவிட்டுப் பெல்ட்டால் அடிப்பான். அவள் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அதில் மஞ்சள் பூசிவிட்டது இந்தக் கைதான். குழாயடியில் யார் யாரையோ அடித்தவள், அவனை ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. அழுதுகொண்டு அப்பாவிடம் போனால் அவர் கைத்தடியை நீட்டிச் சுவரைக் காட்டுவார்.

"ஏட்டி, அந்தப் படத்தப் பாரு. உங்க அம்மை எங்கிட்ட வாங்காத அடியா? சாவுற வரைக்கும் ஒரு வார்த்த எதுத்துப் பேசினவ இல்ல. காய்ச்சல் வந்து போய்ச் சேந்தா, மகராசி. அவ வயித்துல பொறந்துட்டு நீ அழுதுட்டு வந்து நிக்கியே, வெக்கமா இல்ல?"

அக்கா படத்தைப் பார்ப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவனிடமே போய்விடுவாள். பிரம்மநாயகம் ஈரல் வெந்து செத்தான். செத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பெரிய கருப்பு வெள்ளைப் படம், கண்ணாடிச் சட்டம். நாற்காலியில் இசக்கியம்மாள், அதுதான் அக்காவின் அம்மா, பட்டும் மாலையுமாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் வாலிப வயசு கணேசபாண்டியன் நிற்பார். அவர் வலது கை அவள் கழுத்துக்குப் பின்னால் எங்கேயோ போயிருக்கும். அவர்களுடைய கல்யாணப் படம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பொண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அந்தப் படத்துக்கு முன்னால்தான் விழுந்து கும்பிடவேண்டும். விழுந்தவர்களெல்லாம் கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைத்து வைத்து இசக்கியம்மாளின் நெற்றியே தெரியாது. கீழே போட்டிருந்த பிளாஸ்டிக் மாலை அவள் தாடையையும் கையையும் மறைத்திருக்கும். சுற்றிலும் தடிமனான அட்டைக் கரை வேறு. மொத்தத்தில் கண்ணும் மூக்கும் பட்டுச் சேலையும்தான் தெரியும்.

எனக்கு அந்தப் படத்தின்மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பொண்ணு கழுத்தில் மாலை இருக்கிறது, மாப்பிள்ளை கழுத்தில் இல்லையே என்று ஒருமுறை பெரியவரிடமே கேட்டேன். வேர்த்தது, கழற்றி வைத்துவிட்டேன் என்றார். கண் இரண்டும் ஒரே மாதிரி இல்லையே என்று அக்காவின் மகள் ஸ்மிதா கேட்டாள். உன் பாட்டிக்கு லேசாக மாறுகண் என்றார். கேட்டதற்கெல்லாம் பதில் வைத்திருந்தார் மனுஷர். அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படித்தான் விறைத்துக்கொண்டு இருக்கும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஸ்மிதா கல்யாணத்தின்போது ஒரு கூத்து நடந்தது. பழைய படத்தில் இருப்பவர்களை அசையவைக்கிற ஏதோ ஒரு ஆப் அவள் போனில் இருந்தது. சட்டத்தோடு படம் பிடித்து அதில் போட்டாள். வாலிபத் தாத்தா கண்ணைச் சிமிட்டினார், தலையை அசைத்தார், லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். பாட்டி மட்டும் அப்படியே இருந்தாள். "பாட்டிக்கு நெட்வொர்க் இல்ல போல" என்றாள் ஸ்மிதா. வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அந்த ஸ்மிதாதான் ஒரு வியாழக்கிழமை புருஷன் வீடு இருக்கும் கோபர்கைரனேயிலிருந்து ரயிலேறி, காலில் செருப்புகூட இல்லாமல் வந்து நின்றாள். முன்பல் பாதி உடைந்திருந்தது. முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்து தோல் வழன்றிருந்தது. புருஷன் மாரீஸ்வரன் போனைத் திறந்து காட்டு என்று கேட்டானாம். என் போனை நான் ஏன் காட்டவேண்டும் என்று இவள் கேட்டாளாம். அவ்வளவுதான் காரணம். இதற்கு முன்னாலும் வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் பெரியவர் தடியை நீட்டிப் படத்தைக் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் முன்பைவிட மோசமாக வந்திருக்கிறாள்.

"இந்தத் தடவ போனா என்னைக் கொன்னுருவான்மா. பஸ், ஹோ கயா, போதும். நான் போவமாட்டேன்."

அக்கா அவள் கையில் மருந்து போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு வந்ததே கோபம். "ஊர்ல உள்ளவனையெல்லாம் அடிக்கத் தெரியுது, பெத்த பிள்ளைக்கு ஒரு வார்த்த சொல்லத் தெரியலயா உனக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

"அப்பா சொல்லுததுக்கு மேல நான் என்ன சொல்ல, பானு?" என்றாள். அந்தக் குரலை அவள் வாயிலிருந்து கேட்க எனக்கே அசிங்கமாக இருந்தது.

பெரியவர் போன் போட்டு மாரீஸ்வரனை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிவிட்டார். அவன் தன் தாய்மாமன் கோமதிநாயகத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு டப்பா இனிப்பு. பார்த்தால் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான், தெருப்பொறுக்கி. நான்தான் டீ கொண்டுபோனேன். கொண்டுபோனவள் கதவோரத்திலேயே நின்றுகொண்டேன். போகச் சொல்லட்டும் பார்ப்போம் என்று நின்றேன்.

"சின்னஞ்சிறுசுக. கோவத்துல கைநீட்டிட்டான். அதுக்காவ வாழ்க்கையவா முறிச்சுக்க முடியும்? ராகு காலத்துக்கு முன்ன பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பிருதோம்" என்றார் கோமதிநாயகம்.

பெரியவர் தலையாட்டினார். கைத்தடியை எடுத்தார். எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று.

"ஸ்மிதா, அந்தப் படத்தப் பாரு. உங்க பாட்டி சாவுற வரைக்கும்..."

"பாத்தாச்சு தாத்தா. பொறந்ததுல இருந்து பாத்தாச்சு. நான் பாட்டி இல்ல. போவமாட்டேன்."

அவள் அப்படிச் சொல்லி முடிக்கவில்லை, மாரீஸ்வரன் எழுந்து அவள் பின்னலைப் பிடித்தான். பெரியவங்க முன்னாடியே வாய் பேசுறியா என்று சொல்லிச் சொல்லிச் சுவரில் முட்டினான். டமார் டமார் என்று தகரச் சுவர் அதிர்ந்தது. ஸ்மிதா எதையாவது பிடித்துக்கொள்ளக் கையை வீசினாள். படத்தின் பிளாஸ்டிக் மாலை அவள் கையில் மாட்டியது. ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது. சட்டம் அம்மிமேல் விழுந்து சுக்குநூறாகப் போனது.

அக்கா "ஐயோ, எங்க அம்மை!" என்று பாய்ந்தாள். கவனியுங்கள், மகளைப் பிடிக்கப் பாயவில்லை, படத்தைப் பிடிக்கப் பாய்ந்தாள். அந்த நொடியில் அவள் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தம் கேட்டதில் மாரீஸ்வரனும் கையை விட்டுவிட்டான். ஸ்மிதா மூலையில் சரிந்து உட்கார்ந்தாள், மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது.

அக்கா கண்ணாடித் துண்டுகளைக் கையாலேயே அள்ளி ஒதுக்கினாள். அட்டைக் கரை தனியாகக் கழன்றுவிட்டது. படம் முதல்முறையாக வெறுமையாக வெளியே வந்தது. அவள் விரலைக் கண்ணாடி கிழித்து, ஒரு சொட்டு ரத்தம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. பதறிப்போய் முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். ரத்தம் போனது. அதோடு சேர்ந்து கண்ணும் போனது.

என் கண்ணால் பார்த்தேன். இடது கண்ணின் கருவிழி மை போலக் கரைந்து அவள் முந்தானையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதற்கடியில் இருந்தது மூடிய இமை. மூடிய இமைகூட ஒழுங்காக இல்லை. நெற்றிப்பொட்டிலிருந்து கன்னம்வரை வீங்கிக் கறுத்துக் கிடந்தது. கண்ணை யாரோ பிரஷ்ஷால் வரைந்திருக்கிறார்கள்.

அக்கா படத்தை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பார்க்க ஆரம்பித்தாள். செத்தவர்களைப் பார்க்கிற பார்வை அது, எனக்குத் தெரியும். நெற்றியில் இத்தனை வருஷமாகச் சந்தனத்துக்கு அடியில் கிடந்தது பொட்டு இல்லை, காசு. காதோரம் பூச்சரத்துக்கு நடுவே நாடிக்கட்டின் வெள்ளைத் துணி எட்டிப்பார்த்தது. அட்டைக் கரை மறைத்திருந்த கால்களைப் பார்த்தாள். பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருந்தது. அட்டைக்குப் பின்னால் இவ்வளவு காலம் ஒளிந்திருந்த ஓரத்தில், நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்குழந்தை நின்றது. சட்டை இல்லை, அரைஞாண் கயிறு மட்டும். அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது.

"யப்பா" என்றாள் அக்கா. சத்தமே இல்லை. "உங்க கலியாணத்துல இந்தப் பிள்ள யாரு?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நாந்தான இது? கலியாணப் பொண்ணுக்கு எதுக்கு யப்பா கால்விரலக் கட்டியிருக்கு?"

"பழசக் கிளறாத. படத்த உள்ள வையி."

"காய்ச்சல்ல போனான்னு சொன்னீயளே. எத்தன பேரக் குளிப்பாட்டியிருக்கேன் நான். காய்ச்சல்ல போனவ கண்ணு இப்படியா இருக்கும்?"

கோமதிநாயகம் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். பெரியவர் தடியைத் தரையில் ஒருமுறை ஊன்றினார். அழுவாரோ என்றுகூட நினைத்தேன். எங்கே அழுதார்? பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"ஒரே ஒரு அடிதான் அடிச்சேன். அவளா போயி அம்மியில விழுந்தா. விதி. ரெண்டு நா ரயிலு, சவத்த ஊருக்கா கொண்டுபோவ முடியும்? காய்ச்சல்ல போயிட்டா, குறையில்லாமச் சோடிச்சு அனுப்பினேன்னு பெத்தவங்க நம்பணும்லா? அதான் ஸ்டுடியோக்காரனக் கூப்பிட்டுப் படம் எடுத்தேன். தல நிக்கல. நான்தான் பின்னால பிடிச்சிக்கிட்டேன். கண்ண அவன் வரைஞ்சு குடுத்தான். பொறவு நீ அம்மை எங்க, அம்மை எங்கன்னு கேட்டே. கலியாணப் படம்னு மாட்டினேன். இதுல என்ன தப்பு?"

"எதுக்கு அடிச்சீய?"

"என்னட்டி?"

"எங்க அம்மைய எதுக்கு அடிச்சீய?"

"எதுத்துப் பேசினா" என்றார் பெரியவர். "இனி ஒரு அடி அடிச்சா பிள்ளையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருவேன்னா. எங்கிட்டயே சொன்னா. பொட்டச்சிக்கு அவ்வளவு வாய்."

அக்காவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் படத்தையே பார்த்தபடி, "எங்க அம்மை பேசியிருக்கா, பானு" என்றாள். "கேட்டியா? வாயே திறக்காதவன்னு சொன்னாவளே. பேசியிருக்கா. என்னையத் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா."

வாயில்லாத ஒருத்தியைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு வாழ்ந்தாளே பாவி! அப்படி ஒருத்தி இருக்கவே இல்லை. அந்தக் கிழவன் உருவாக்கிச் சுவரில் மாட்டிய பொம்பளை அவள்.

இந்த இடத்திலாவது வந்தவர்கள் எழுந்து போயிருக்கலாம். கோமதிநாயகம் போகத்தான் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுவிட்டார். மாரீஸ்வரனுக்குத்தான் கொழுப்பு அடங்கவில்லை. மூலையில் கிடந்த ஸ்மிதாவின் முடியைத் திரும்பவும் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"கேட்டேல்லடி? எதுத்துப் பேசினா இதான் ஆவும். சல், கிளம்பு."

அக்கா படத்தைக் கீழே வைத்தாள். எழுந்தாள். அப்பாவின் கையிலிருந்து கைத்தடியைப் பிடுங்கினாள். அவர் விடவில்லை, ஒரு இழுப்பு இழுத்தாள், கிழவர் நாற்காலியோடு முன்னால் சாய்ந்தார். முதல் அடி மாரீஸ்வரனின் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் கதவருகே நின்ற எனக்குக் கேட்டது. முடியை விட்டுவிட்டான். இரண்டாவது அடி தோளில். அம்மா என்று கத்திக்கொண்டு குனிந்தான்; மூன்றாவதில் பித்தளைப் பூண் அவன் மண்டையைப் பிளந்தது. சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது, நான் கொண்டுவந்த டீயிலும் விழுந்தது. கோமதிநாயகம் அவள் கையைப் பிடிக்க வந்தார். முழங்கையால் வாயில் ஒன்று கொடுத்தாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாரீஸ்வரன் தவழ்ந்து வாசலுக்குப் போனான். எங்கள் மாடிக்கு இரும்பு ஏணிதான். அவன் இறங்கினானா, இவள் மிதித்துத் தள்ளினாளா என்று போலீஸ் பிறகு என்னைக் கேட்டது. நான் டீத் தம்ளரைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன். அதையேதான் இங்கேயும் சொல்கிறேன்.

கீழே விழுந்தவனைச் சுற்றி சந்தே கூடிவிட்டது. அக்கா வாசலிலிருந்து உள்ளே திரும்பினாள். கையில் தடி, தடியில் ரத்தம், கண்ணாடி கிழித்த விரலிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு முன்னால் வந்து தடியை ஓங்கினாள். அந்த மேஸ்திரி கணேசபாண்டியன், சந்துக்கே தீர்ப்புச் சொன்ன மனுஷர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "வேண்டாம் தாயி, அடிக்காத தாயி" என்று அழுதார். அவர் வாயால் மகளைத் தாயி என்று கூப்பிட்டு நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடித்தாளா என்று கேட்காதவர்கள் இல்லை. அடிக்கவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவள் தடியை முழங்காலில் வைத்து முறித்து இரண்டு துண்டையும் அடுப்படியில் போட்டாள்.

"எங்க அம்மையும் இப்படித்தான கையெடுத்துருப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பெரியவரைத் தாணேயில் இருக்கும் அவருடைய தம்பி மகன் மறுநாளே வந்து கூட்டிப்போய்விட்டான். இன்றுவரை இவள் போய்ப் பார்க்கவில்லை. பார் என்று சொல்கிற தைரியமும் எங்களில் யாருக்கும் இல்லை. மாரீஸ்வரன் பிழைத்துக்கொண்டான். தலையில் தையல், கையில் கம்பி வைத்துக் கட்டு. கேஸ் நடக்கிறது. தேதிக்குத் தேதி அக்கா பட்டறையில் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போய் வருகிறாள். ஆனால் இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம். அன்றைக்கே முடித்திருக்கலாம். போலீஸ் சௌக்கியில் நடந்ததைச் சொன்னால்தான் அது புரியும்.

சாயங்காலம் அக்காவைச் சௌக்கியில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். ஸ்மிதாவும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். கோமதிநாயகம் வீங்கிய உதட்டோடு வந்து ஹவல்தாரிடம் ஏதோ பேசினார். பிறகு எங்களிடம் வந்து குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னார். கம்ப்ளைண்ட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறார்களாம். அத்தை கோவத்தில் அடித்துவிட்டாள், குடும்ப விஷயம் என்று எழுதிக்கொடுத்துவிடுவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. ஸ்மிதா புருஷன் வீட்டுக்குப் போகவேண்டும்.

ஸ்மிதா அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்த பயத்தை என்னால் சொல்ல முடியாது. அம்மா ஜெயிலுக்குப் போகக்கூடாது என்று தலையாட்டிவிடுவாளோ என்று எனக்கு உயிரே போய்விட்டது. "நான் போறேன்மா..." என்று ஆரம்பித்தும் விட்டாள்.

"வாய மூடு" என்றாள் அக்கா. எழுந்து நேராக ஹவல்தாரின் மேஜைக்குப் போனாள். "ஸ்மிதா, இங்கன வா. எனக்கு ஹிந்தி சரியா வராது. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சொல்லு."

அக்கா தமிழில் சொன்னாள். உடைந்த பல்லோடு ஸ்மிதா ஒவ்வொரு வாக்கியமாக ஹிந்தியில் சொன்னாள். ஹவல்தார் எழுதிக்கொண்டே வந்தார்.

"நான்தான் அடிச்சேன். கோவத்துல தெரியாம அடிக்கல, தெரிஞ்சுதான் அடிச்சேன். கையில அடிச்சேன், தோள்ல அடிச்சேன், மண்டையில அடிச்சேன். அவன் செத்துப்போனா கொலைன்னே எழுதிக்கிடுங்க. எனக்குச் சமாதானம் வேண்டாம். எம் மவள அனுப்பமாட்டேன்."

ஹவல்தார் பேனாவை மூடப் போனார்.

"இன்னும் முடியல. எம் மவ உசுரோட இருக்கா. அதையும் சேத்து எழுதச் சொல்லுட்டி."

இவ்வளவு நேரம் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்த ஸ்மிதாவுக்கு இது மட்டும் வாயில் வரவில்லை. கட்டுப் போட்ட கையை மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"மை ஜிந்தா ஹூம்" என்றாள், நான் உயிரோடு இருக்கிறேன் என்று. "யே பி லிக்கோ."

இதெல்லாம் கம்ப்ளைண்ட்டில் வராது என்றார் ஹவல்தார்.

"லிக்கோ" என்றாள் ஸ்மிதா.